என்ன சாப்பிட்டனீங்கள்?

என் அத்தான் ஓய்வு பெறும்வரை விஞ்ஞான வாத்தியாராக இருந்தவர். உடுவில் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கிருமி என்றால் என்னவென்று கரும்பலகையில் படம் கீறிக் காட்டியவர் அவர்தான். ஓய்வு பெற்ற கையோடு, கிருமி என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லத் தொடங்கினார். கிருமியைப் படிப்பித்ததற்கான ஓய்வூதியத்தை மட்டும் மாதம் தவறாமல் எடுத்துவந்தார்.

அத்தான் என்றால் அக்காவின் புருஷன். அக்கா இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன். இதை எழுதும்போது என் மனதில் நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை. இரக்கத்தை எதிர்பார்த்து வாசிப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

எங்களுடையது மிஷன் குடும்பம். எங்கள் பூட்டனார் வேதத்துக்கு வந்தது பைபிளைப் படித்து அல்ல, ஆறாத காற்புண்ணை மிஷன் டொக்டர் ஆற்றிவிட்டதால். அந்த நாளில் இந்தப் பக்கத்தில் இங்கிலீஷ் மருந்துதான் புதுமை, பரியாரியாரின் கசாயம்தான் ஊர் வழக்கம். பரியாரியாரை விட்டுவிட்டு வெள்ளைக்காரனிடம் காலைக் காட்டப் போன பூட்டனாரை ஊரே பைத்தியம் என்றதாம். ஆனால் புண் ஆறியது. அவர் கால் ஆறியதால் நாங்கள் கிறிஸ்தவர்கள் ஆனோம், பள்ளிக்கூடம் போனோம், வாத்திமார் ஆனோம். பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு விஞ்ஞான வாத்தியார் மாப்பிள்ளையாக வந்து, பூட்டனார் நடந்த வழியில் பின்னோக்கி நடந்தார்.

சண்டைக் காலத்தில் மருந்துகளை வடக்கே வரவிடாமல் தடுத்திருந்தார்கள். ஒரு பனடோல் குளிசையைக் கத்தியால் இரண்டாக்கி இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். வேறு வழி இல்லாமல் வேப்பம்பட்டையையும் கொத்தமல்லியையும் அவித்துக் குடித்தோம். அதை ஒரு கொள்கை என்று யாரும் சொல்லவில்லை. மருந்து கிடைத்ததும் நன்றி சொல்லி விழுங்கினோம்.

கொள்கைகள் எல்லாம் சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு வந்தவை. பாதி இந்தியாவிலிருந்து வந்தன, பாதி வெளிநாட்டுச் சொந்தங்களின் பெட்டிகளில் வந்தன. அத்தான் ஒன்றையும் விடவில்லை. முதலில் காந்தக் காப்பு. பிறகு செப்புச் செம்பில் இரவு முழுக்க வைத்த தண்ணீர். பிறகு நோனிச் சாறு. யாழ்ப்பாணம் டவுனில் ஒரு மண்டபத்தில் சூடான கற்கள் பதித்த கட்டிலில் இலவசமாகப் படுக்க விடுகிறார்கள் என்று விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றார். தன் சிறுநீரைத் தானே குடிக்கும் வைத்தியமும் கொஞ்சக் காலம் நடந்தது. அப்போது அக்கா குசினிக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். அழுதது அவருக்காக அல்ல, தன் சீதனக் கண்ணாடிக் கிளாசுகளுக்காக.

அக்கா நன்றாகச் சிரிப்பாள். தேவாலயத்தில் பாடும்போது அவளுடைய குரல் மற்றவர்களை மூடிவிடும், அதைப்பற்றி அவளுக்கு வெட்கமே கிடையாது. தேத்தண்ணிப் பைத்தியம். கறுப்பாக ஊற்றி, அள்ளிச் சீனி போட்டு, சுடச்சுட. என்னைவிட மூத்தவள் என்பதால் நான் எப்படி உடுக்க வேண்டும், எந்தக் கடையில் மீன் வாங்க வேண்டும் என்பதெல்லாம் சாகும்வரை அவளுடைய பொறுப்பாக இருந்தது. நான் கலியாணம் செய்யவில்லை. மனையியல் ரீச்சராக இருந்து ஓய்வு பெற்று இணுவிலில் தனியாக இருக்கிறேன். அவள் வீட்டுக்கு சைக்கிளில் போய்விடலாம்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம், ஆசுபத்திரிகளிலும் மருந்துத் தட்டுப்பாடு. அந்த நேரம் பார்த்து கரவெட்டியில் ஒரு தென்னங்காணியில் மாஸ்டர் என்று ஒருவர் வந்து இறங்கினார். சுவிசில் நீண்ட காலம் உணவகத்தில் கோப்பை கழுவியவர் என்று பேச்சு. அதில் ஒரு குறையும் இல்லை, கோப்பை கழுவுவது நேர்மையான வேலை. ஊருக்குத் திரும்பி அவர் செய்த வேலைதான் நேர்மையில்லாதது. நோய் வருத்தம் என்று ஒன்று இல்லை, பிழையான சாப்பாடுதான் உண்டு என்றார். அடுப்பில் வைத்தது எல்லாம் நஞ்சு. நீத்துப்பூசணிக்காய்ச் சாறு, தேங்காய்ப்பூ, பழம், இவை போதும். உடம்பு தன்னைத்தானே திருத்தும்.

சனிக்கிழமைதோறும் கூட்டம். ஒருவரை ஒருவர் கண்டால் வணக்கம் சொல்லமாட்டார்கள். "என்ன சாப்பிட்டனீங்கள்?" என்றுதான் கேட்பார்கள். கூட்டத்தின் முடிவில் சுகப்பட்டவர்கள் எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். எங்கள் ஜெபக் கூட்டங்களில் சொல்வது போலவே, அதே குரல், அதே கண்ணீர். அத்தானுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. வகுப்பறை கைவிட்டுப் போன பிறகு அவர் சொல்வதைக் கேட்க ஆள் இல்லாமல் இருந்தது. அங்கே கைதட்டினார்கள்.

அடுத்த வருடம் ஒரு பின்னேரம் அக்கா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். திருவலையை விட்டு எழும்பாமலே என் கையைப் பிடித்தாள்.

"எடி, இஞ்சை கையை வைச்சுப் பார்."

வைத்தேன். இடது மார்பில், நெல்லிக்காய் அளவில், அசையாமல் இருந்தது.

"எப்பவிருந்து?"

"கொஞ்ச நாளாய்."

"நாளைக்கே டொக்டரிட்டைப் போவம். அத்தானுக்குத் தெரியுமோ?"

"சொன்னனான்."

"என்ன சொன்னவர்?"

"என்ன சாப்பிட்டனீர் எண்டு கேட்டவர்."

இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அக்கா மடைச்சி அல்ல. மாஸ்டரின் கொள்கையில் அவளுக்குத் துளியும் நம்பிக்கை இருக்கவில்லை. ஆனால் அவளுடைய ஒரே மகளுக்குக் கனடாவில் ஒரு பெடியனைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கலியாணப் பேச்சுக்கால் என்றால் எங்களுடைய ஊர்களில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை பகுதி ஊருக்குள் ஆள் விட்டு விசாரிக்கும். காணி, படிப்பு எல்லாம் பிறகு. முதற் கேள்வி, பரம்பரை வருத்தம் ஏதும் இருக்கோ என்பது. தாய்க்கு மார்பில் கட்டி என்றால் மகளுடைய கதை அந்த இடத்தில் முடிந்தது. ஆசுபத்திரிக்குப் போனால் நான்கு பேர் காண்பார்கள். கரவெட்டிக்குப் போனால், உடம்பு குறைக்கப் போகிறா என்று நினைப்பார்கள். அவளுக்குத் தேவைப்பட்டது சுகம் அல்ல, ஒருவருக்கும் தெரியாத ஒரு வைத்தியம். அதை அவளுடைய புருஷன் வைத்திருந்தார்.

நான் விடவில்லை. பேசினேன், ஏசினேன், கடைசியில் அழுதேன். அத்தான் கூட்டத்துக்குப் போன ஒரு சனிக்கிழமை அவளைக் காங்கேசன்துறை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த வருத்தத்துக்கென்று ஆசுபத்திரி இருக்கும் தரிப்பில் நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம். அந்தத் தரிப்பில் இறங்கினால் ஏன் இறங்குகிறாய் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. ஆனால் கேட்டார்கள். வாசலில் மாம்பழம் வாங்கிக்கொண்டு நின்றவ, எங்கள் தேவாலயத்தில் எங்களுக்கு இரண்டு வாங்கு முன்னால் இருப்பவ.

"என்ன இஞ்சாலை? ஆருக்கு?"

அக்கா ஒரு கணமும் யோசிக்கவில்லை. என் தோளில் கையை வைத்தாள்.

"தங்கச்சிக்கு."

அந்த மனுசி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெட்டியில் வைத்து ஆணி அடிப்பதற்கு முன்னால் பார்ப்பது போல இருந்தது. என் கையைப் பிடித்து, கர்த்தர் கைவிடமாட்டார் என்றாள். அவள் போனதும் அக்கா எதிர்ப் பக்கத்துக்குப் போய் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸுக்கு நின்றாள்.

"அக்கா, வாசலுக்கு வந்திட்டம்."

"அவள் உள்ளுக்கும் வருவாள். அவளின்ரை ஆரோ உள்ளை இருக்கினம்."

"அதுக்கு என்னை ஏன் சாக்கொல்லுறாய்?"

"உனக்கென்ன? உனக்கு ஆர் இனி மாப்பிள்ளை பார்க்கப் போகினம்? சின்னம்மாவுக்கெண்டால் பெரிசா எடுக்கமாட்டினம். தாய்க்கெண்டால்தான் பிழை."

இதை அவள் கொடுமையாகச் சொல்லவில்லை. எந்தக் கடையில் மீன் வாங்க வேண்டும் என்று சொல்லும் அதே குரலில் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை அந்த ரோட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் என் சுகத்துக்காக ஜெபித்தார்கள். அதன் பிறகு என் வீட்டு கேற் ஓயவில்லை. ஒருத்தி முள்ளு அன்னமுன்னா இலையை அவித்துக் கொண்டுவந்தாள். ஒருத்தி மஞ்சளும் மிளகும் குழைத்துக் கொண்டுவந்தாள். இந்தியாவில் ஒரு சாமியாருடைய திருநீற்றைப் பொட்டலமாகக் கட்டி, கிறிஸ்தவச்சி என்றாலும் பரவாயில்லை என்று ஒருவர் தந்துவிட்டுப் போனார். எனக்கு ஒரு தடிமன் காய்ச்சல்கூட இல்லை. கட்டி உள்ளவள் என் கதிரையில் இருந்து, வருபவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, தங்கச்சியின் தைரியத்தைப் பற்றிக் கதைத்தாள்.

ஆனால் இதில் ஒரு நல்ல வழி இருப்பதை நான் கண்டேன். நான் நோயாளி என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. இனி நான் ஆசுபத்திரிக்குப் போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. துணைக்கு அக்கா வருவாள். உள்ளே போனதும் கட்டிலில் அவள் படுக்கட்டும், நான் வாங்கில் இருக்கிறேன். இதைச் சொன்னபோது அக்கா என் கன்னத்தில் தட்டினாள். "நீ இவ்வளவு கெட்டிக்காரி எண்டு எனக்குத் தெரியாது" என்றாள். அவள் சம்மதித்தாள். சத்தியமாகச் சம்மதித்தாள்.

அத்தான் சம்மதிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் துருவிய கரட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு தலையை ஆட்டினார்.

"கத்தி பட்டால் பரவும். மாஸ்டர் தெளிவாச் சொல்லியிருக்கிறார்."

"மாஸ்டர் எங்கை படிச்சவர்?"

"படிச்சவை எல்லாரும் கொம்பனிக்காரரின்ரை ஆக்கள்."

"நீங்களும் படிச்சனீங்கள்தானே அத்தான்."

"நீர் மனையியல் படிப்பிச்சனீர், சோறு காய்ச்ச. இது விஞ்ஞானம். நீர் சும்மா இரும்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கரட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனை எதிர்த்து வீட்டைக் குழப்பினால் அதுவும் வெளியில் வரும், அதுவும் பேச்சுக்காலைக் குழப்பும். "இந்தக் கலியாணம் ஒப்பேறட்டும். பிறகு போவம்" என்றாள்.

கலியாணம் ஒப்பேறுவதாக இல்லை. பேச்சு முற்றாகியது, ஆனால் பெடியனுக்கு லீவு கிடைக்கவில்லை. பிறகு அடுத்த கோடை என்றார்கள். கட்டி கோடைக்குக் காத்திருக்கவில்லை. தோல் சிவந்து, பிறகு உடைந்தது. உடைந்தபோது கரவெட்டியில் சந்தோஷப்பட்டார்களாம். கழிவு வெளியேறுகிறது, உடம்பு வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று. அவளைக் கூட்டிக்கொண்டுபோய் முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்லவைத்தார்கள். என்ன வருத்தம் என்று சொல்லாமல், "எனக்கு நல்லாக் குறைஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னாளாம். தேவாலயம் நிறையப் பாடியவள் அந்தத் தென்னங்காணியில் அப்படிச் சொன்னாள், கைதட்டினார்கள். திரும்பி வரும்போது வான் வண்டிக்குள், குடித்த சாறு முழுவதையும் சத்தி எடுத்தாள்.

அக்காவின் மகள், என் பெறாமகள், கொழும்பில் வேலை செய்துகொண்டிருந்தாள். அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதனால்தான் மெலிகிறா என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். எனக்கும் அதையே சொல்லச் சொன்னார்கள். நான் அவளுக்கு போன் எடுத்து, அம்மாவை வந்து பார் என்றேன். அவள் வந்த அன்று அக்கா முகத்துக்குப் பவுடர் போட்டு, சேலை உடுத்து, கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். மகள் நிம்மதியாகத் திரும்பிப் போனாள். அதற்காக அக்கா என்னுடன் கோபித்துக்கொண்டாள்.

வலிக்குக்கூட ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரு பனடோல் கேட்டாள். குளிசை போட்டால் இதுவரை செய்தது எல்லாம் வீண் என்றார் அத்தான். சண்டைக் காலத்தில் பாதியாவது கிடைத்தது.

ஒரு நாள் நான் மாம்பழப் பைக்குள் சுடுதண்ணீர்ப் போத்தலை ஒளித்துக் கொண்டுபோனேன். அவளுக்குப் பிடித்தபடி கறுப்பாக ஊற்றி, அள்ளிச் சீனி போட்ட தேத்தண்ணி. அவள் கையால் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, நான் பிடித்தேன். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். "இன்னும் கொஞ்சம் தா" என்றாள். இரண்டாவது கோப்பை முடிவதற்குள் அத்தான் வந்துவிட்டார். கோப்பையை மணந்து பார்த்தார். அதன் பிறகு அவளுடன் என்னைத் தனியாக இருக்க விடவில்லை.

கடைசியில் மூச்சு எடுக்க முடியாமல் போனபோதுதான் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த டொக்டர் இளம் பிள்ளை. சேலையை விலக்கிப் பார்த்தாள். நிமிர்ந்து அத்தானைப் பார்த்தாள்.

"சேர், என்னைத் தெரியுதோ? நீங்கள்தான் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிச்சனீங்கள்."

அத்தான் வாசல் பக்கம் திரும்பினார். அவள் வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டாள். அந்த ஊசியைப் போட்ட பிறகுதான் அக்காவின் முகம் அக்காவின் முகமாக வந்தது. கொழும்பிலிருந்து மகள் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

நெஞ்சடைப்பு என்று ஊருக்குச் சொன்னார்கள். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் அக்காவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். வருத்தக்காரி நிற்கிறாள், சுகமாக இருந்தவள் போய்விட்டாளே என்று என் காதுபடவே சொன்னார்கள். நான் அவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டேன்.

கொஞ்ச நாளில் ஒரு காணொளி என் போனுக்கு வந்தது. தென்னங்காணி, சனிக்கிழமை. அத்தான் சாட்சி சொல்கிறார். "என்ரை மனிசி சுகப்பட்டுக்கொண்டு வந்தவ. சொந்தத் தங்கச்சி களவாய்க் குடுத்த தேத்தண்ணிதான் எல்லாத்தையும் குழப்பினது. சீனி உடம்பிலை பட்டவுடனை எதிரி எழும்பிட்டான்." மாஸ்டர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். கைதட்டினார்கள். அதை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அழித்துவிடச் சொன்னார்கள், அழிக்கவில்லை. இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

கலியாணம் அடுத்த கோடையில் நடந்தது. தேவாலயத்தில் தாலி கட்டி முடிந்து எல்லோரும் மண்டபத்துக்கு வந்தோம். மாப்பிள்ளையின் தாய் கனடாவிலிருந்து வந்திருந்தா. சேலை உடுத்திப் பழக்கம் விட்டுப்போய்விட்டது, தோளில் தலைப்பு நிற்கவில்லை, ஊசி குத்தித் தாருங்கள் என்று என்னை உள் அறைக்குக் கூப்பிட்டா. நான் ஊசிப் பெட்டியுடன் போனேன். தோளில் மடிப்பு எடுத்து இட மார்புப் பக்கம் குத்தும்போது என் விரலில் சதை படவில்லை. பஞ்சு பட்டது.

என் கை நின்றுவிட்டது. அவ கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தா.

"பயப்பிடாதையுங்கோ. அந்தப் பக்கம் இல்லை. கனகாலத்துக்கு முந்தி வெட்டி எடுத்தது."

"எங்களுக்கு ஆரும் சொல்லேல்லை."

"என்னண்டு சொல்லுறது? பொம்பிளை பகுதி அறிஞ்சால் சம்பந்தம் குழம்பிப் போமெண்டு இவர் வாயே திறக்கக்கூடாதெண்டிட்டார். எனக்கு நெடுகப் பயம். பிறகுதான் கேள்விப்பட்டம், பிள்ளையின்ரை சின்னம்மாவுக்கும் இதே வருத்தம் எண்டு. கேட்டவுடனை எனக்கு மனம் ஆறிச்சுது. எங்களைப்போலை ஆக்கள்தானே, தற்செயலாய்த் தெரிஞ்சாலும் விளங்கிக்கொள்ளுவினம் எண்டு. நான்தான் இந்த வீட்டையே செய்வம் எண்டு நிண்டனான்." என் கையைத் தட்டினா. "நீங்கள் இப்ப எப்பிடி இருக்கிறியள்?"

நான் சுகமாக இருக்கிறேன் என்றேன். மற்ற ஊசியையும் குத்தினேன். எனக்கு அந்த இடத்தில் கத்திக் குழற வேண்டும் போல இருந்தது. அதைவிட வேறொன்று செய்யலாம் என்று பட்டது. அவவின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் முன் வரிசைக்குப் போனேன். அங்கே அத்தான் கோட் சூட்டுடன், பெண்ணின் தகப்பனாக, பக்கத்துக் கதிரை வெறுமையாக இருக்க இருந்தார்.

"அத்தானுக்கும் ஒருக்கால் சொல்லுங்கோ" என்றேன். "எனக்குச் சொன்னதை அப்பிடியே."

அவ கூச்சப்பட்டா. இப்போது சம்பந்தி, இனி என்ன ஒளிப்பு என்று நான் கதிரையில் இருத்திவிட்டேன். அக்காவின் கதிரை. அவ குரலைத் தணித்து எல்லாவற்றையும் சொன்னா. வெட்டியது, மருந்து ஏற்றியது, தலைமயிர் கொட்டியது, இவர்கள் ஒளித்தது, என்னைப்பற்றிக் கேள்விப்பட்டு மனம் ஆறியது. அத்தானுடைய முகத்தை நான் விலகாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்காகத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். முகம் சாம்பல் நிறமானது. உதடு அசைந்தது. ஒரு வார்த்தை அக்காவைப்பற்றி வரும் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப நீங்கள் என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டார்.

அவ சிரித்தா. "மருந்து ஏத்தின நாளுகளிலை ஒண்டும் இறங்காது. மகன்தான் பாண் துண்டைத் தேத்தண்ணியிலை தோய்ச்சுத் தோய்ச்சுத் தீத்துவான். அதிலைதான் தப்பினனான்."

"தேத்தண்ணியோ?"

"ஓம்."

"சீனி போட்டோ?"

"ஓம், நல்லாப் போட்டு."

மேடையிலிருந்து, பெண்ணின் பெற்றோர் படத்துக்கு வரலாம் என்று கூப்பிட்டார்கள். பெற்றோர் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார்கள். பெறாமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளையின் தாய் எழுந்து போய் அவளை அணைத்துக்கொண்டு நின்றா. அத்தான் எழும்பப் பார்த்தார், முடியவில்லை. தூக்கிவிடச் சொல்லி என் பக்கம் கையை நீட்டினார்.

என் கையில் ஊசிப் பெட்டி இருந்தது. நான் அதைக் கீழே வைக்கவில்லை.